ஆணி அடிக்கக் கூடாத பலகை

அத்தியாயம் 6

ஸ்டேஷனின் பின்கட்டில், பறிமுதல் செய்த சைக்கிள்களுக்கு நடுவே, ஒருவரின் உயிரை வாங்கிய பலகை சுவரில் சாய்ந்து நின்றது. அதற்காகப் பிடிக்கப்பட்ட பெயிண்டர் முன்கட்டு லாக்கப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டில் பலகையின் முகத்தில்தான் கொஞ்சம் குற்ற உணர்ச்சி தெரிந்தது.

நெருஞ்சி பலகையின் முன் உட்கார்ந்தாள். அது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. வீடுகளுக்குக் காப்பீடு கொடுக்கும் கம்பெனியில் சேதத்தை மதிப்பிடும் வேலையில் இருந்தபோது, சுவர் இடிந்தவர்களும் கூரை எரிந்தவர்களும் சேர்ந்து வைத்தது. வேலையை விட்டபோது மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் கம்பெனிக்கே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். துப்பறியும் தொழிலுக்கு அது பொருந்தியது.

பக்கத்தில் வால் நின்றான். அவளுடைய உதவியாளன். பஸ் கண்டக்டராக இருந்து, பயணிகளின் பொறுமையைச் சோதித்தே வேலையை இழந்தவன். நாற்பதைத் தாண்டிய வழுக்கைத் தலை. வாய் மட்டும் இன்னும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே வரும்.

“சுத்தமான கேஸ்,” என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சட்டையில் நேற்றைய தேநீர்க் கறை இருந்தது. “பெரியவர் கூரை ஓரத்துக்குப் பெயிண்ட் அடிக்க இவனைக் கூப்பிட்டார். இவன் உளுத்த பலகை மேலேயே வெள்ளையைப் பூசிட்டு, வாயைத் தொறக்காமப் போயிட்டான். மேகம் கட்டுச்சு. பெரியவர் வழக்கம்போல வடிகால் தகரத்துல கிடந்த இலையை வார ஏணி சாத்தினார். பலகை பிட்டுக்கிச்சு. கீழே கல்லுப்படி. அவ்வளவுதான்.”

“சாயங்காலம் கோர்ட்டா?”

“ஆமா. அப்புறம் வருஷக்கணக்கா ஜெயில் சுவருக்கு அடிச்சுக்கிட்டு இருக்கட்டும்.”

“பாவம் அந்தச் சுவர்,” என்றான் வால்.

கூரையைத் தாங்கும் கைமரங்களின் நுனிகளை மூடிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு பலகை ஓடும். ஓரப்பலகை. மழைத்தண்ணீரை வாங்கிக் கீழே அனுப்பும் வடிகால் தகரம் கொக்கி போட்டு அதில்தான் தொங்கும். தெருவில் போகிறவன் அதைப் பார்ப்பதில்லை. வீட்டில் இருக்கிறவனும் பார்ப்பதில்லை. தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

நெருஞ்சி கொண்டை ஊசியை உருவிப் பலகையில் குத்தினாள். ஊசி முழுவதும் உள்ளே போயிற்று. பலகையைத் திருப்பினாள். முன்புறம் புது வெள்ளை. பின்புறம் பெயிண்டே காணாத மரம், கறுத்து, ஊறிய ரொட்டி போல.

“முகத்துக்கு மட்டும் பவுடர்,” என்றான் வால்.

“எல்லா வீட்டுலயும் இதே லட்சணம்தான். தெருவுக்குத் தெரியறதைப் பூசுவாங்க. பின்பக்கத்தையும் அறுத்த முனையையும் விட்டுடுவாங்க. மரம் அங்கேதான் தண்ணி குடிக்கும். வெளியே தெரியறப்போ உள்ளே ஒண்ணும் மிச்சமிருக்காது.”

“சில ஆபீசருங்க மாதிரி.”

இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார்.

பலகையின் கீழ் விளிம்பில் ஒரு வெள்ளைக் கட்டி துருத்திக்கொண்டிருந்தது. அரை எலுமிச்சம்பழ அளவு. வெட்டுப்பட்ட பக்கத்தில் மட்டும் வெள்ளை இல்லை. களிமண். மண்ணுக்குள் சின்னச் சின்ன அறைகள்.

“குளவிக் கூடு,” என்றாள் நெருஞ்சி. “அதுக்கும் சேர்த்துப் பூசியிருக்கான்.”

“வாடகைக்கு விடற எண்ணமோ என்னமோ.”

“இன்னொரு பாதி எங்கே?”

“விழுந்ததுல உடைஞ்சு போயிருக்கும்,” என்றார் இன்ஸ்பெக்டர். “கல்லுப்படியில மனுஷன் மண்டையே உடைஞ்சிருக்கு. நீங்க குளவி வீட்டைத் தேடறீங்க.”

“படியில மண்ணு கிடந்ததா?”

“பெருக்கிக்கூட விடல, அப்படியே வெச்சுப் படம் எடுத்தோம். இலை கிடந்தது. தகரத் துண்டு கிடந்தது.” கொஞ்சம் யோசித்தார். “மண்ணு கவனிக்கல.”

நெருஞ்சி மறுபடி பலகையின் மேல் குனிந்தாள். பலகையில் திருகுகள் இருந்த இடங்களை விரலால் தடவினாள். ஒவ்வொரு திருகுத் தலைக்கும் மேலே ஓட்டை அடைக்கும் பட்டி வைத்து, தேய்த்து, வெள்ளை தொட்டு மூடியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் திருகு இருக்கிற இடமே தெரியாது.

“இதை அவன் செஞ்சானா?”

“அவனைத் தவிர யார் செய்வா? பெயிண்டர் அவன்தானே.”

“அவனை எழுப்புங்க.”

பெயிண்டரை எழுப்புவதற்கு இரண்டு போலீஸ்காரர்கள் வேண்டியிருந்தது. பெரிய உடம்பு. கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கொட்டாவி விட்டான்.

“முன்மூலைப் பலகை எப்படி இருந்துச்சு?” என்றாள் நெருஞ்சி.

“நல்லாருந்துச்சும்மா.”

“குத்திப் பார்த்தியா?”

“எதுக்கு?”

“தட்டியாவது பார்த்தியா?”

“ஏணி சாத்துனேன். ஏறுனேன். நின்னுச்சு.” தன் வயிற்றைக் காட்டினான். “இதையே தாங்குச்சு. அந்தக் கிழவர் எலும்பும் தோலும். அவரைத் தாங்காதா?”

“உளுத்த பலகையே இல்லையா அந்த வீட்டுல?”

“பின்மூலையில ஒண்ணு. பெரியவர் சொன்னார், ‘அதை விட்டுடு, மரம் சொல்லியிருக்கேன், வந்ததும் மாத்தணும்’னு.”

“விட்டியா?”

பெயிண்டர் தலையைச் சொறிந்தான். “அடிச்சுட்டேன். எதை விடச் சொன்னார்னு மேலே ஏறினப்புறம் மறந்துபோச்சு. இறங்கிக் கேக்கணும். அதுக்கு அடிச்சுடறது சுலபம்.”

“குளவிக் கூட்டை ஏன் சுரண்டல?”

“சுரண்டினா கொட்டும்ல?”

“பெயிண்ட் அடிச்சா?”

“வாசல் அடைஞ்சிடும். கொட்டாது.”

“மகான்,” என்றான் வால்.

“திருகுக்கெல்லாம் பட்டி வெச்சது?”

“யாரு, நானா?” அவன் உண்மையிலேயே அதிர்ந்துபோனான். “எந்த வீட்டுலம்மா? நான் வெச்சதே இல்லையே.”

வாசலில் அவனுடைய அக்கா நின்றாள். தையல்காரி. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. நெருஞ்சியை இந்தக் கேஸுக்குக் கூப்பிட்டவள் அவள்தான்.

“ஏதாவது தேறுமா மேடம்?”

“உங்க தம்பி சோம்பேறி.”

“அது எனக்குத் தெரியும். இவன் நடக்கப் பழகினதே லேட்டு. அம்மா போனப்புறம் இவனுக்குச் சோத்தைப் போட்டு, ஊட்டியும் விட்டவ நான்.” அவள் நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். “ஆனா ஒண்ணு. பொய் சொல்லணும்னா யோசிக்கணும் மேடம். அதுக்கும் சோம்பல் அவனுக்கு. பலகை நல்லா இருந்துச்சுன்னு சொன்னான்னா, நல்லா இருந்துச்சு. உள்ளே போட்டாங்கன்னா அங்கேயே தூங்கிப் பழகிடுவான். வெளியே வரக்கூடத் தோணாது.”

இந்த ஸ்டேஷனில் அன்று பேசிய ஆட்களில் புத்தியோடு பேசியது இவள் ஒருத்திதான் என்று நெருஞ்சிக்குப் பட்டது.

“அந்த வீட்டுக்கு வாங்க,” என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.

“எதுக்கு?”

“நான் தோக்கறதைப் பார்க்க.”

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

* * *

ஓட்டு வீடு. உயர்ந்த அடித்தளம், வாசலுக்கு ஏறக் கல்லுப்படி. கூரையைச் சுற்றி வெள்ளை ஓரப்பலகை ஓடி, முன்பக்க வலது மூலையில் மட்டும் விட்டுப்போயிருந்தது. வடிகால் தகரம் அங்கே நாக்குப் போலத் தொங்கியது.

“முன்பல்லு போச்சு,” என்றான் வால். “அதுவும் பல் டாக்டர் வீட்டுல.”

பல் டாக்டர் இறந்தவரின் மகன். வீட்டின் முன் அறையில்தான் அவருடைய கிளினிக். இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு, வாய்க்குள் பஞ்சு இருப்பதுபோல மென்மையான குரல். நாற்காலி போட்டார். தேநீர் வரவழைத்தார். இறந்தவரின் மகளும், அதாவது டாக்டரின் அக்காவும், அவளுடைய கணவரும் வந்து நின்றார்கள். அவர்கள் அதே வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தார்கள். கணவருக்கு இரும்புச் சாமான் கடை. இரும்போடு பேசிப் பேசி அவர் குரலும் அப்படியே ஆகியிருந்தது.

“பெயிண்டரைத் தூக்கிப் போட்டாச்சுல்ல? அப்புறம் என்ன விசாரணை?” என்றார் கடைக்காரர். “நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். இந்தப் பாழாப்போன வீட்டை இடிச்சுட்டுத் தளம் போட்டுக் கட்டுங்கன்னு. ஓடு, பலகை, தகரம், ஏணி. எழுபது வயசுல குரங்கு வேலை. கேட்டாரா மாமனார்?”

இன்ஸ்பெக்டர் அவரைப் புது ஆர்வத்தோடு பார்த்தார்.

“மாமாவுக்குக் கோபம் அதிகம்,” என்றார் டாக்டர், அதைவிட மென்மையாக. “மனசு தங்கம்.” சொல்லிவிட்டுத் தேநீரை ஊதினார். வைத்தார். மறுபடி எடுத்து ஊதினார்.

“பாத்துக்குங்க,” என்றார் கடைக்காரர். “என் மச்சான் தேநீர் குடிக்கிற அழகை. ஆற வெச்சு, ஊதி, அப்புறம் நான் குடிச்சிட்டு உயிரோட இருக்கேனான்னு பாத்துட்டுத்தான் வாயில வைப்பார்.”

“சும்மா இருங்க,” என்றாள் மனைவி.

நெருஞ்சி அவள் பக்கம் திரும்பினாள். “உங்கப்பா பலகையெல்லாம் பரிசோதிப்பாரா?”

“அப்பா நில அளவை ஆபீஸ்ல இருந்தவர். எல்லாம் அளவுதான். எல்லாப் பலகையும் ஒரே நீளம், ஒரே அகலம். ஆணி கிடையாது, திருகுதான். ஒண்ணு கெட்டா அதை மட்டும் கழட்டிட்டு வேற மாட்டலாம்னு. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி பேனாக்கத்தியால ஒவ்வொண்ணாக் குத்திப் பார்ப்பார். இந்தத் தடவை பின்மூலை மட்டும்தான் கெட்டிருக்குன்னார். அங்கே யாரும் ஏணி சாத்தக்கூடாதுன்னு சாப்பிடறப்போ எல்லாருக்கும் சொன்னார். குழந்தைங்களுக்குக்கூட அது தெரியும்.”

“முன்மூலையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை?”

“இல்ல. அங்கேதான் எப்பவும் ஏணி சாத்துவார். வேற எங்கேயும் சாத்த மாட்டார். இலை முழுக்க அந்தப் பக்கம்தான் சேரும்.”

“கிழவருக்குக் கண்ணு மங்கியிருக்கும்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கத்திக்குமா?” என்றாள் நெருஞ்சி.

சுவரோரத்தில் ஒரு பெரிய தகர விளம்பரப் பலகை சாய்த்து வைத்திருந்தது. தூசி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. வால் உரக்கப் படித்தான்.

“‘உங்கள் சிரிப்புக்கு நாங்கள் பொறுப்பு.’ டாக்டர், இதை ஏன் வாசல்ல மாட்டல?”

டாக்டர் பதில் சொல்லுமுன் அக்கா சொன்னாள். “அப்பா விடல. ஓரப்பலகையில ஆணி அடிச்சா ஆணி வழியாத் தண்ணி இறங்கும்பார். தம்பி ரொம்பக் கேட்டான். ஒரு நாள் நோயாளிங்க உக்காந்திருக்கறப்போவே அப்பா சொல்லிட்டார். ‘உன் பேரைச் சுமந்து என் பலகை உளுக்கணுமா’ன்னு.”

“வயசானவங்க அப்படித்தான்,” என்றார் டாக்டர். சிரித்தார். அழகான பற்கள்.

“பெயிண்டர் போனப்புறம் நீங்க எல்லாரும் எங்கேயாவது வெளியே போனீங்களா?”

“ஒரு ஞாயித்துக்கிழமை. என் நாத்தனார் வீட்டுக்கு. அப்பாவையும் கூட்டிட்டுப் போனோம். தம்பி மட்டும் வரல. நோயாளிங்க வருவாங்கன்னான்.”

கிளினிக் கதவில் நேரம் எழுதியிருந்தது. ஞாயிறு விடுமுறை. வால் அதைப் பார்த்தான். பிறகு நெருஞ்சியைப் பார்த்தான்.

* * *

நெருஞ்சி வீட்டைச் சுற்றி நடந்தாள். எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

முன்மூலைக்குக் கீழே நின்றாள். சுவர் மேலிருந்து கீழ்வரை காய்ந்து வெளுத்திருந்தது. ஒரு கறை இல்லை. கூரை விளிம்பின் நிழலில் பழைய ஒட்டடை, தூசி படிந்து, நனையாமல்.

“இன்ஸ்பெக்டர், மரம் எதனால உளுக்கும்?”

“தண்ணியால.”

“இங்கே தண்ணி எங்கே?”

“மழை பெய்யாதா?”

“பெய்யும். தகரம் வாங்கிக்கும். தகரம் ஒழுகினா சுவர் காட்டிக் கொடுக்கும். இந்தச் சுவர் ஒண்ணும் சொல்லலை. தண்ணியே படாம உள்ளுக்குள்ள உளுத்துப் போறதுக்கு இது என்ன போலீஸ் ஸ்டேஷனா?”

பின்மூலைக்கு வந்தாள். துவைக்கிற கல். அதற்கு மேலே இரண்டு தகரங்கள் சேரும் இடம் துருப்பிடித்து வாய் திறந்திருந்தது. சுவரில் மேலிருந்து கீழ்வரை பச்சைப் பாசி ஒரு பட்டையாக இறங்கியிருந்தது. வருஷக்கணக்கில் ஒழுகிய இடம்.

“உளுக்க வேண்டிய இடம் இது,” என்றாள். ஒட்டடைக் கம்பை வாங்கி ஓரப்பலகையைத் தட்டினாள். டக். டக். அடுத்த பலகையைத் தட்டினாள். அதே கெட்டியான சத்தம்.

கழுத்தை வளைத்து மேலே பார்த்தாள். ஓரப்பலகைக்கும் சுவருக்கும் இடையில், கூரையின் அடிப்புறத்தை மூடிக் கிடைமட்டமாக ஒரு பலகை இருக்கும். அடிப்பலகை. அதன் விளிம்பில், ஓரப்பலகையை ஒட்டி, ஒரு வெள்ளைக் கட்டி. அரை எலுமிச்சம்பழம். வெட்டுப்பட்ட பக்கம் மட்டும் மண் நிறம்.

ஓரப்பலகையில் அதற்கு நேரே ஒன்றும் இல்லை. வழவழவென்று வெள்ளை. திருகுத் தலைகள் தெரியவில்லை. அடுத்த பலகையில் எல்லாத் திருகுகளும் துருவோடு பல்லிளித்தன.

அவள் வாலின் காதருகே குனிந்தாள்.

“செருப்பைக் கழட்டு.”

“எவனை அடிக்கணும்?”

“மேலே போடு. இந்தத் தகரத்துக்குள்ள விழணும்.”

“ரெண்டுமா?”

“ஒண்ணு போதும்.”

கண்டக்டராக இருந்த காலத்தில் கூட்டத்துக்கு மேலே சில்லறையை எறிந்து பழகிய கை. செருப்பு ஒரு வட்டம் அடித்துப் பின்மூலைத் தகரத்துக்குள் உட்கார்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“காக்காயை அடிச்சேன்,” என்றான் வால், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு.

“காக்காயே இல்லையே,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பயந்து ஓடிடுச்சு.”

நெருஞ்சி கடைக்காரரிடம் சொன்னாள். “ஒரு ஏணி கொண்டுவந்து இங்கே சாத்தி அதை எடுத்துக் குடுங்க. இவனுக்கு வேற செருப்பு இல்ல.”

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கு மூளை இருக்கா? இப்பத்தான என் சம்சாரம் சொன்னா. அது உளுத்த பலகை. மாமனாரை எடுத்துட்டுப் போன பாடையில இடம் மிச்சமிருக்குன்னு என்னை ஏத்தறீங்களா? போகட்டும் செருப்பு. என் கடைச் சாக்கைச் சுத்திக்கிட்டு நடக்கச் சொல்லுங்க.”

“மாமா, விருந்தாளிகிட்ட என்ன பேச்சு,” என்றார் டாக்டர்.

அவரே போய் ஏணியைத் தூக்கி வந்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஊன்றி, பின்மூலையில் சாத்தினார். கோட்டின் கீழ்ப்பகுதியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினார். தயங்கவில்லை. மேல்படியில் நின்று ஒரு கையால் தகரத்தைப் பிடித்தபடி மறு கையை உள்ளே விட்டு, இரண்டு விரலால் செருப்பை எடுத்தார். பிடுங்கிய பல்லை எடுப்பதுபோல.

“இந்தாங்க,” என்றார் வாலிடம்.

யாரும் அதை வாங்கவில்லை.

டாக்டர் செருப்போடு மேலே நின்றார். அவருடைய அக்கா ஏணியைப் பார்த்தாள். ஏணி சாத்தியிருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

“இந்த வீட்டுல குழந்தைங்ககூட அங்கே ஏணி சாத்தாது,” என்றாள் நெருஞ்சி. “தேநீரை ஊதி ஊதிக் குடிக்கிறவர் நீங்க. எப்படி ஏறினீங்க டாக்டர்?”

“மறந்துட்டேன்.”

“உங்க மாமா மறக்கலை. இப்பத்தான் கத்தினார், ஊருக்கே கேட்டுது. அதுக்கப்புறம்தான் நீங்க ஏணி எடுக்கப் போனீங்க. அவருக்கு அது இன்னும் உளுத்த பலகை. உங்களுக்கு மட்டும்தான் அது நல்ல பலகைன்னு தெரியும்.”

“இது வெறும் யூகம்.”

“ஆமா. உங்க தலைக்கு நேரே அடிப்பலகையில ஒட்டியிருக்கே, அதுவும் யூகம்தான். தொட்டுப் பாருங்க.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். செருப்பைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறங்கியது.

“குளவிக் கூடு. பாதி இங்கே இருக்கு. பாதி ஸ்டேஷன்ல, உங்கப்பாவைத் தள்ளிவிட்ட பலகையில இருக்கு. குளவி ஒரு கூட்டைப் பாதி பின்மூலையிலயும் பாதி முன்மூலையிலயும் கட்டாது. அந்தப் பெயிண்டர் ரெண்டையும் சேர்த்து ஒரே கட்டியாப் பூசினான். அப்போ அந்த உளுத்த பலகை இங்கேதான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை, நோயாளி ஒருத்தர்கூட வராத நாள்ல, யாரோ ரெண்டையும் கழட்டி இடம் மாத்தினாங்க. கூடு ரெண்டாப் பிட்டுக்கிச்சு.”

“பெயிண்டரே மாத்தியிருக்கலாம்,” என்றார் டாக்டர். குரல் அப்போதும் மென்மை.

வால் சிரித்துவிட்டான். “அவனா? பக்கத்துல இருக்கிற தண்ணியை எடுத்துக் குடிக்கவே அவனுக்கு யாராவது வேணும்.”

“மாத்தினவருக்கு ஒரு கெட்ட பழக்கம்,” என்றாள் நெருஞ்சி. “ஓட்டையைப் பார்த்தா சும்மா இருக்க முடியாது. கழட்டி மாட்டின ரெண்டு பலகையில மட்டும் ஒவ்வொரு திருகுக்கும் மேலே பட்டி வெச்சு, தேய்ச்சு, வழுவழுப்பாக்கி விட்டிருக்கார். வீடு முழுக்கத் துருப்பிடிச்ச திருகு. இந்த ரெண்டுல மட்டும் பல் அடைச்ச மாதிரி வேலை. கீறல் தெரிஞ்சா மாட்டிப்போம்னு மூடினீங்க. அந்தப் பெயிண்டர் மாதிரி அசிங்கமா விட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்க.”

“கூட்டைப் பார்க்கலையே மச்சான்,” என்றார் கடைக்காரர். இம்முறை அவர் கத்தவில்லை.

“அது கூடுன்னு யாருக்குத் தெரியும்,” என்றார் டாக்டர். “அவன் பூசினதுல எல்லாமே கட்டி கட்டியாத்தான்...”

தான் சொன்னதை அவரே கேட்டார்.

அக்கா ஏணியின் காலைப் பிடித்தாள். இரண்டு கையாலும். ஏணி ஒருமுறை அசைந்தது. டாக்டர் தகரத்தை இறுகப் பற்றினார். செருப்பு கீழே விழுந்தது.

“நான் சாகடிக்க நினைக்கலக்கா. காலு ஒடிஞ்சா போதும்னு நினைச்சேன். ஒரு இடத்துல உக்காருவார். அப்புறம் போர்டை மாட்டிக்கலாம்னு...”

“போர்டா,” என்றாள் அவள்.

“எல்லார் முன்னாடியும் சொன்னாரேக்கா. என் பேரைச் சுமக்கணுமான்னு.”

ஏணி மறுபடி அசைந்தது. இன்ஸ்பெக்டர் ஓரடி முன்னால் வந்தார். நெருஞ்சி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“விடுங்கம்மா,” என்றாள் அக்காவிடம். “நீங்க எவ்வளவு ஆட்டினாலும் அந்தப் பலகை தாங்கும். அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்து வெச்சது.”

அக்கா வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்தாள்.

“இறங்குடா,” என்றாள்.

அவர் இறங்கினார். ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து, வழக்கம்போல எச்சரிக்கையாக.

* * *

வேனில் ஏறும்போது இன்ஸ்பெக்டர் கேட்டார். “குளவிக் கூடு கோர்ட்ல நிக்குமா?”

“நீங்களே நிக்கறீங்க.”

அவர் அதை விழுங்கிக்கொண்டார். “பெயிண்டரை விட்டுடறேன். உடனே. அவன் அக்கா ஸ்டேஷன் வாசல்லயே நிக்குது, பார்க்கச் சகிக்கல.”

“அதுக்கு முன்னாடி ஒரு வேலை. அந்த அடிப்பலகையைக் கூட்டோட கழட்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

“நாளைக்கு எடுத்துக்கலாமே. எங்கே ஓடிடப் போகுது?”

“இந்த வீட்டு அம்மா பெயிண்டரைத் திரும்பக் கூப்பிடப் போறாங்களாம். பாவப்பட்டு, மிச்ச வேலையைக் குடுக்க. கூட்டை மட்டும் தொடாதேன்னு நாம சொல்லுவோம். அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒரு கூட்டைச் சுரண்டுவான். அது இந்தக் கூடாத்தான் இருக்கும்.”

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு போலீஸ்காரரைத் திருப்பி அனுப்பினார், திருப்புளியோடு.

சாயங்காலம் ஸ்டேஷன் மேஜையில் இரண்டு பலகைகளும் இருந்தன. வால் அவற்றை ஒட்டி வைத்தான். இரண்டு பாதிகளும் சேர்ந்தன. ஒரு முழுக் கூடு. வெள்ளைப் பூச்சில் தூரிகை போன தடம்கூட ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு முறியாமல் ஓடியது.

லாக்கப்பைத் திறந்தார்கள். பெயிண்டர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தான். அவனுடைய அக்கா அவன் காதைப் பிடித்தாள். திருகவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

“கும்பிடுடா மேடத்தை. என்ன செஞ்சு உன்னைக் காப்பாத்தினாங்கன்னு தெரியுமா?”

“நான் ஒண்ணும் செய்யல,” என்றாள் நெருஞ்சி. “செய்ய வேண்டியதை இவன் செய்யாம விட்டதால தப்பிச்சான். சுரண்டிட்டுப் பூசியிருந்தா இன்னைக்கு ஜெயில்.”

பெயிண்டர் அதைக் காதில் வாங்கவில்லை. மேஜையருகே வந்து குனிந்து கூட்டைப் பார்த்தான். கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். முகம் மலர்ந்தது.

“ஒரே கோட்டு பெயிண்டுதாம்மா,” என்றான். “எப்படிப் பிடிச்சிருக்கு பாருங்க.”